கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் வகுப்பு

பதினான்கு வருடம் நோயாளிகளின் வாய்க்குள் குனிந்தே நின்றதில் என் முதுகு விட்டுப்போயிற்று. கிளினிக்கை மூடிவிட்டு, பல் பராமரிப்புப் படிப்பு நடத்தும் ஒரு கல்லூரியில் உடற்கூறு ஆசிரியையாகச் சேர்ந்தேன். தலையும் கழுத்தும் என் பாடம்.

"உட்கார்ந்து பேசுற வேலை. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றாள் அக்கா. நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்லூரியை ஒட்டிய பல் மருத்துவமனையில் அவள் எக்ஸ்ரே எடுப்பவள். யாரையும் நம்பமாட்டாள். "படம் பொய் சொல்லாது, ஆளுங்கதான் சொல்லுவாங்க" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும்.

முதல் நாள் காலை துறைத்தலைவர் என்னைப் படிவரை கூட்டிக்கொண்டு வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை.

"கீழ்தான் எலும்புக் கூடம். போய்ப் பாருங்க டாக்டர். எனக்குத் தொண்டை ஒத்துக்கறதில்ல, கீழே ஈரம் அதிகம்," என்றார். படிக்கட்டின் முதல் படியில்கூட அவர் கால் வைக்கவில்லை.

எலும்புக் கூடம் தரைக்குக் கீழே இருந்தது. கூரையை ஒட்டி வரிசையாகச் சின்ன ஜன்னல்கள். அவற்றில் வெளியே நடப்பவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்குகளில் ஒன்று எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். சுவர் ஈரம், பழைய மரம், வெளுப்புத் தூள், எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய கிராம்பு எண்ணெய் வாசனை. பல் வைத்தியக் கூடத்தில் கிராம்பு வாசனை புதிதில்லை. ஆனால் எலும்புகள் மட்டுமே இருக்கும் அறையில் அதற்கென்ன வேலை என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அலமாரியில் பன்னிரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மண்டையோடு, ஒரு கீழ்த்தாடை, கழுத்தெலும்புகள், பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் ஒரு ஹயாய்டு எலும்பு. குதிரை லாடம் மாதிரி வளைந்த எலும்பு அது. உடம்பில் வேறு எந்த எலும்போடும் சேராமல், தாடைக்குக் கீழே தசைகளின் பிடியில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் சாவிக் கொத்து. மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பூட்டு.

"பதினொண்ணு வேணாம் மேடம்," என்றார் அவர், நான் பெட்டிகளை எண்ணத் தொடங்கியதுமே. "அது உடைஞ்சு கிடக்கு. மீதி பதினொரு பெட்டி போதும் உங்களுக்கு."

"உடைஞ்சிருந்தா என்ன, பார்க்கலாமே."

"வேணாம் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அலமாரியின் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

இரண்டாவது வாரம் தொட்டுப் பார்க்கும் வகுப்பு வந்தது. எலும்பைக் கையில் எடுத்துப் படிப்பது ஒன்று. உயிரோடிருக்கும் உடம்பில், தோலுக்கு அடியில் அதைக் கண்டுபிடிப்பது வேறு. மாணவிகள் இருபத்துநான்கு பேர். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒருத்தி கண்ணை மூடி முகத்தை உயர்த்த வேண்டும். மற்றவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தாடைக்கு அடியில் இரு பக்கமும் வைத்து ஹயாய்டைத் தேட வேண்டும்.

"மெதுவா. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. இப்போ வலம் இடமா லேசா அசைச்சுப் பாருங்க. கண்ணை மூடினவங்க எச்சில் முழுங்குங்க. எலும்பு மேலே ஏறி இறங்குறது தெரியும்."

அன்று ஒருத்தி வரவில்லை. அதனால் வகுப்பின் வாயாடிக்கு ஜோடி இல்லை. "நீ அப்படியே உட்காரு, நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டு மற்ற மேசைகளுக்குப் போனேன். அவள் சமர்த்தாகக் கண்ணை மூடி, முகத்தை உயர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"மேடம், நல்லாத் தெரியுது மேடம். அசையுது. ஆனா யாரு இது, கை ஐஸ் மாதிரி இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் எதிரே யாரும் இல்லை.

அவள் தாடைக்கு அடியில், இரு பக்கமும், தோல் சிறு குழியாக உள்ளே போயிருந்தது. அந்தக் குழிகள் வலமாக நகர்ந்தன. பிறகு இடமாக. மெதுவாக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

அவள் எச்சில் விழுங்கினாள்.

கண்ணைத் திறந்தவள் முன்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். வகுப்பில் நிறுத்தாமல் பேசும் பெண், அன்று மாலைவரை வாய் திறக்கவில்லை.

குறும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். புது ஆசிரியையை மிரட்டிப் பார்க்கிறார்கள். தசையை இறுக்கினால் தோல் அப்படிக் குழியலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று அரை மணி நேரம் கழுத்துத் தசைகளை இறுக்கிப் பார்த்தேன். குழியவில்லை.

அடுத்து சந்தேகம் பூட்டு மேல் போயிற்று. மதிய இடைவேளையில் எல்லோரும் மேலே போனபின் அவர் மட்டும் கீழேயே சாப்பிடுவார். ஒருநாள் மறந்துவிட்ட குடையை எடுக்க இறங்கினேன். பாதிப் படியிலேயே பேச்சுக் குரல் கேட்டது.

"இன்னைக்கு மழை. அதான் எல்லாரும் லேட்டு," என்று யாரிடமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முன்னால் டிபன் டப்பா. பக்கத்தில் பதினோராவது பெட்டி. வேறு யாரும் இல்லை.

குடையை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் குடிநீர் பிடிக்கப் போன நேரத்தில், மேசை மேல் விட்டுப்போன சாவியால் அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். மூடியைத் தூக்கியதும் கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. உடைந்து ஒன்றும் இல்லை. மண்டையோடு முழுசாக, சுத்தமாக இருந்தது. பதிவேட்டில், அறுபது வருடத்துக்கு முன்னால் வாங்கியது என்று எழுதியிருந்தது.

கீழ்த்தாடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது கடைவாய்ப் பல்லில் ஓர் அடைப்பு. வெள்ளி நிறமில்லை. பல்லின் நிறத்திலேயே, விளக்கொளி காட்டி இறுக வைக்கும் ரெசின். அந்தப் பொருளை நானே ஆயிரம் பேருக்கு வைத்திருக்கிறேன். அறுபது வருடத்துக்கு முன்னால் அந்த வகை கிடையாது.

ஞானப்பல் பாதி எலும்புக்குள்ளேயே சாய்ந்து படுத்திருந்தது. ஆளுக்குப் பத்தொன்பது, இருபது வயதுக்கு மேல் இருக்காது.

பஞ்சு டப்பாவைத் திறந்தேன். ஹயாய்டின் இடது கொம்பு இரண்டு துண்டாக இருந்தது.

அந்த எலும்பு லேசில் உடைவதில்லை. தாடைக்குக் கீழே பத்திரமாக ஒளிந்திருப்பது அது. கீழே விழுந்தால் உடையாது. கழுத்தை யாராவது கையால் நெரித்தால் உடையும்.

அப்போதுதான் என் கழுத்தில் பட்டது.

இரண்டு விரல்கள். குளிர்ச்சி. அழுத்தமே இல்லாமல், பயந்து பயந்து தேடும் விரல்கள். முதல் முறை நோயாளியைத் தொடும் மாணவி அப்படித்தான் தொடுவாள்.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

விரல்கள் எலும்பைக் கண்டுபிடித்தன. காத்திருந்தன.

நான் எச்சில் விழுங்கினேன். விரல்கள் விலகிப் போயின.

ஹயாய்டு டப்பாவை மட்டும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு துறைத்தலைவரின் அறைக்கு ஓடினேன். விரல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து மேசை மேல் வைத்தேன்.

"நம்ம பெட்டி ஒண்ணுல இருந்துச்சு சார். கொம்பு உடைஞ்சிருக்கு."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சின்ன வயசுக்காரங்களுக்குக் கொம்பு நடு எலும்போட முழுசா ஒட்டியிருக்காது டாக்டர். சுத்தம் பண்ணும்போது கழண்டு வரும். உங்களுக்குத் தெரியாததா?"

"கழண்டு வந்தா மூட்டுல கழலணும் சார். இது கொம்போட நடுவுல உடைஞ்சிருக்கு. விளிம்பு கூரா இருக்கு."

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சிரித்தார். "பூட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க. மூளை சரியில்லாத மனுஷன். பெட்டியோட பேசுவார். கீழே போட்டு உடைச்சிருப்பார். எலும்பை இங்கேயே விட்டுட்டுப் போங்க. பதினொண்ணு ரொம்பப் பழசு, அதை எடுத்து அழிச்சிடலாம்."

"நாளைக்கு வகுப்புக்கு வேணும் சார். முடிச்சுட்டுத் தர்றேன்," என்று டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பாதி வராந்தா வந்தபின்தான் உறைத்தது. எந்தப் பெட்டி என்று நான் சொல்லவே இல்லை.

இப்போது சந்தேகப்பட எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே இருப்பவரை முதலில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வெளியே ஆட்கள் நடக்கும் நேரமாகப் பார்த்து இறங்கினேன். படிக்கட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனேன்.

பூட்டு அலமாரியின் முன்னால் நின்றிருந்தார். பெட்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டிருந்தார்.

"அந்தப் பெட்டியில இருக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியை அதன் இடத்துக்கு நகர்த்தி வைத்தார். ஜன்னலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கடந்து போயின.

"என் பொண்ணும்மா," என்றார்.



"இங்கதான் படிச்சா. ரெண்டாவது வருஷம். ஒருநாள் வகுப்புக்குப் போனவ திரும்பி வரல. ஆறு வருஷமாச்சு. போலீஸ்ல சொன்னேன். வயசுப் பொண்ணு, யாரோடயாவது போயிருப்பான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவ அம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தா. நான் செஞ்சுக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டு, இங்க கூட்டிப் பெருக்கவாவது எடுத்துக்கங்கன்னு வந்து நின்னேன். நான் யாரோட அப்பன்னு யாருக்கும் தெரியாது."

"இதுதான் அவங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "பரீட்சைக்குப் படிக்கும்போது வீட்டுல என் கழுத்துலதான் பழகுவா. அப்பா, அசையாதப்பா. அப்பா, முழுங்குப்பான்னு. இங்க சேர்ந்த நாலாவது நாள் இந்தப் பெட்டியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். அதே கை வந்து தொட்டுச்சு. பெத்தவனுக்குத் தெரியாதாம்மா?"

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? எலும்பைப் பார்த்து இவதான்னு சொல்ற படிப்பு எனக்கு இல்லியே. பைத்தியம்னு வெளிய தள்ளிட்டா, இவகூட இருக்கிறதும் போயிடும். அவளுக்குப் பிடிக்கும்னு கிராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு பெட்டியில விடுவேன். அவ கையில எப்பவும் அந்த வாசனைதான் இருக்கும்."

என் சந்தேகம் முழுசாக விட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். துயரத்தில் மனிதர்கள் எதையும் நம்புவார்கள். கொன்றவனும் அழுவான். அதனால் தாடையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் வாய் முழுவதையும் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அவர்கள் படிப்பதற்கே அந்தப் படங்கள் பயன்படும். பழைய படங்கள் அக்காவின் அறையில் அலமாரி நிறைய இருந்தன. பூட்டு சொன்ன பெயரில் இருந்த உறையை அவள் தேடி எடுத்தாள். பிறகு தாடை எலும்பைத் தனியாக வைத்து ஒரு படம் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

வலது கடைவாய்ப் பல்லில் அதே வடிவ அடைப்பு. இடது பக்கம் சற்றே திரும்பி நிற்கும் அதே சின்னப் பல். சாய்ந்து படுத்த அதே ஞானப்பல், பழைய படத்தில் இருந்ததைவிட வேர் மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"ஒரே வாய்," என்றாள் அக்கா. பிறகு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள். "எலும்பை எலும்புகளுக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருக்கான். யார் தேடுவா?"

அங்கிருந்தே போலீஸுக்குப் பேசினோம். நாளை காலை பதினொரு மணிக்கு வருவதாகவும், அதுவரை எதையும் நகர்த்த வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு எனக்கு வகுப்பு. இருபத்துநான்கு பேரும் வந்திருந்தார்கள். பூட்டு அலமாரியின் பக்கத்தில் நின்றார். நான் கீழ்த்தாடையின் நரம்புப் பாதையைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கும் காலடி.

துறைத்தலைவர் வாசலில் நின்றார்.

"மன்னிக்கணும் டாக்டர். பதினோராவது பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன்," என்றார்.

"பதினொரு மணிக்கு மேல எடுத்துக்கங்க சார்."

"இப்பவே வேணும்."

பூட்டு நகரவில்லை. துறைத்தலைவர் உள்ளே வந்து அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். திரும்பி இரண்டடி வைத்தார்.

முனகிக்கொண்டே இருந்த விளக்கு சத்தத்தை நிறுத்தியது.

அவர் நின்றார்.

கழுத்திலிருந்த சால்வை தானாக நழுவித் தரையில் விழுந்தது.

முன் வரிசையில் இருந்த வாயாடி தன் கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

துறைத்தலைவரின் தாடைக்கு அடியில், இரு பக்கமும், தோல் குழிந்தது. வலமாக நகர்ந்தது. இடமாக நகர்ந்தது. நிதானமாக, தெரிந்த இடத்தைத் தேடும் கையாக.

அவர் எச்சில் விழுங்கினார். குழிகள் இன்னும் ஆழமாக உள்ளே போயின.

மறுபடி விழுங்கினார்.

மூன்றாவது முறை விழுங்க முடியவில்லை.

சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். கடைசி வரிசைவரை கேட்டது.

அவர் சரிந்து விழுவதற்கு முன்னால், பூட்டு பாய்ந்துபோய்ப் பெட்டியைத் தாங்கிக்கொண்டார். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

துறைத்தலைவர் சாகவில்லை. குரல் மட்டும் போய்விட்டது. ஹயாய்டின் இடது கொம்பு நடுவில் உடைந்திருந்தது என்றும், தோலில் ஒரு கீறலோ கன்றலோ இல்லை என்றும், எப்படி என்று தெரியவில்லை என்றும் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரே காகிதம் கேட்டு வாங்கி, கழுத்தை நெரித்தது, பெட்டியின் பழைய எலும்புகளை எடுத்துவிட்டு அவளுடையவற்றை வைத்தது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வகுப்பு முடிந்தபின் தனியாக நிறுத்தி வைத்து அவர் நடந்துகொண்ட விதம் பற்றி அந்தப் பெண் ஒரு புகார்க் கடிதம் எழுதியிருக்கிறாள். கல்லூரி அலுவலகம், துறை சம்பந்தப்பட்டது என்று சொல்லி, கடிதத்தைத் துறைத்தலைவரிடமே கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறது. அவள் கீழே இறங்கிப் போய் அதை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறாள்.

பெட்டியை அவள் அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். செய்ய வேண்டியதை அவர் செய்தார். நானும் அக்காவும் கூடவே நின்றோம்.

நான்கு மாதம் கழித்து, வேலையை விட்டுச் சம்பளக் கணக்கு முடிக்க வந்த பூட்டு என்னையும் பார்க்க வந்தார். ஆள் தெளிவாக இருந்தார். சட்டை வெளுப்பாக இருந்தது. போகும்போது வாசலில் நின்றார்.

"ஒண்ணு கேட்கணும்மா. அவ வீட்டுக்கு வந்துட்டான்னுதான் நினைச்சேன். ஆனா அன்னைலேருந்து ஒரு தடவைகூட என்னைத் தொடல. இங்க யாரையாவது..."

"இல்லை ஐயா. இங்கயும் யாரும் ஒண்ணும் சொல்லல. நிம்மதியாப் போயிருப்பாங்க," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. வாயாடி பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள்.

போன வாரம் எனக்கு மேல்கடைவாயில் வலி. மதியம் அக்காவின் அறைக்குப் போனேன். தலையைச் சுற்றி வரும் இயந்திரத்தில் என்னை நிறுத்தினாள். தாடையை மேடையில் வைத்தேன். பல்லால் குச்சியைக் கடித்தேன். இரண்டு கைகளாலும் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டேன். இயந்திரம் ரீங்காரமிட்டபடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எனக்கு எதுவும் தெரியவில்லை. குளிர்ச்சி இல்லை, வாசனை இல்லை.

அக்கா கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"படம் விழலையா?" என்று கேட்டேன்.

"விழுந்திருக்கு," என்றாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "நீ ஏன்டி கையை எடுத்துக் கழுத்துல வச்ச?"

எழுந்து போய்ப் பார்த்தேன். என் பற்கள் எல்லாம் வரிசையாக வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே என் தாடை. அதற்கும் கீழே என் ஹயாய்டு. அதன் ஒரு பக்கம் கட்டைவிரல் எலும்புகள் இரண்டு. மறுபக்கம் ஆள்காட்டி விரலின் எலும்புகள் மூன்று. என் விரல்களைவிட மெலிந்தவை, நீளமானவை.

கைப்பிடிகளை நான் ஒரு கணம்கூட விடவில்லை. அக்காவிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

முதலில் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.